புரட்டாதியில் சால்மன், ஐப்பசியில் மேப்பிள்: ஸ்காபரோவிலிருந்து கால்மணி நேரத்தில் ஓர் இலையுதிர்காலம்

செப்ரெம்பர் பிறந்து பாடசாலைகள் திறந்ததுமே, ‘இந்த முறை இலை பார்க்க எங்கே போகிறோம்’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கிவிடும். பல ஆண்டுகளாக அதற்கு ஒரே விடைதான் இருந்தது. நன்றியறிதல் நாளையொட்டிய நீண்ட வார இறுதியில் விடியற்காலையிலேயே எல்லோரையும் எழுப்பி, மூன்று மணி நேரம் வடக்கே வாகனம் ஓட்டி, ஒரு மணி நேரம் காட்டுக்குள் நடந்து, இருட்டிய பின் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புவோம். கடந்த ஆண்டு முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் எங்களோடு இருந்ததால் அந்த நீண்ட பயணத்தைக் கைவிட்டு, செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை வீட்டுக்கு அருகில் உள்ள இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போனோம். ஹைலண்ட் கிறீக் ஓடும் மோர்னிங்சைட் பூங்கா, றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆகிய இரண்டும்தான் முதன்மையானவை. இடையில் இரண்டு முறை அப்பிள் பறிக்கவும் போனோம். சிறு பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் ஒருங்கே அழைத்துச் செல்ல வேண்டிய ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் வாழ் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, அந்த ஏழு வாரங்களில் நேரில் கண்டறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சால்மன் மீன்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் இருபது ஆண்டுகளாக ஸ்காபரோவில் வாழ்ந்தும் நான் அவற்றைப் பார்த்திருக்கவில்லை. ஒன்ராறியோ ஏரியில் மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ந்த சினூக் வகைச் சால்மன்கள், செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை ஹைலண்ட் கிறீக் வழியே எதிர்நீச்சலிட்டு முட்டையிட வருகின்றன. நம்முடைய நாட்காட்டிப்படி பார்த்தால் அது ஏறத்தாழ முழுப் புரட்டாதி மாதம். எலஸ்மியர் வீதிக்கும் லோறன்ஸ் வீதிக்கும் இடையில் மோர்னிங்சைட் அவெனியூவிலிருந்து பூங்காவுக்குள் இறங்கினால், வாகனத் தரிப்பிடத்திலிருந்து சமதளமான பாதையில் ஓடைக்கரையை அடைந்துவிடலாம். அம்மா கைத்தடியோடு சிரமமின்றி நடந்தார்.

முதல் முறை சென்றபோது அரைமணி நேரம் நின்றும் எதுவும் தென்படவில்லை, பிள்ளைகள் சலித்துப் போனார்கள். நான்கு நாட்கள் கழித்து இரவு முழுவதும் மழை பெய்து விட்டிருந்த சனிக்கிழமைக் காலையில் மறுபடியும் போனோம். மழையில் நீர்மட்டம் உயரும்போதுதான் மீன்கள் ஏரியிலிருந்து கூட்டமாக மேலேறுகின்றன என்பதை அன்று தெரிந்துகொண்டோம். கலங்கல் தெளியத் தொடங்கியிருந்த ஓடையில், கற்கள் குறுக்கே கிடந்து சிறு வீழ்ச்சியாக நீர் விழும் இடத்துக்குக் கீழே, முதலில் ஒரு கரிய நிழல் அசைந்தது. நிழல் என்று நான் நினைத்தது மீனின் முதுகு. அதன் பின்னால் இன்னும் இரண்டு நின்றன. ஒன்று உடலை வில்லாக வளைத்து நீரைவிட்டு மேலே எழும்பி, கல்லில் மோதி, பக்கவாட்டில் விழுந்து, மீண்டும் பழைய இடத்திலேயே வந்து நின்றது. ஐந்து முறை இப்படி முயன்று ஆறாவது முறை மேலே ஏறியபோது கரையில் நின்ற முன்பின் அறியாத மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

பருத்தித்துறைக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த அம்மா, “முழங்கால் தண்ணிக்குள்ள இவ்வளவு பெரிய மீனோ?” என்று வியந்து, பாரை மீனோடு அதன் அளவை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இண்டைக்குப் புரட்டாதிச் சனி, பார்க்கிறதோட சரி” என்றார். கரையோரம் சற்று மேலே நடந்தபோது, தெளிந்த ஆழமற்ற நீரில் பெண் மீன் ஒன்று பக்கவாட்டில் சரிந்து வாலால் சரளைக் கற்களை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருப்பதை மகள்தான் முதலில் கண்டாள். ஆறு புகுந்த பின் இந்த மீன்கள் எதையும் உண்பதில்லை, ஏரியில் வெள்ளியாய் மின்னிய உடல் கறுத்துவிடுகிறது, தோண்டித் தோண்டி வாலின் ஓரம் தேய்ந்து வெண்மையாகிவிடுகிறது. அந்த வெள்ளை வால் நீருக்குள் அசைவதைப் பத்தடி தூரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தோம். தோண்டிய குழியில் இடப்படும் ஆயிரக்கணக்கான முட்டைகள் குளிர்காலம் முழுவதும் சரளைக்கு அடியில் கிடந்து வசந்தத்தில் பொரிக்கும். தாயும் தந்தையும் சில நாட்களில் இறந்துவிடும். கரையில் ஒதுங்கிக் கிடந்த மீனைக் கண்டு ஐந்து வயது மகன், “அம்மம்மா, இந்த மீன் ஏன் நித்திரை?” என்று கேட்டான். “முட்டை போட்டு முடிஞ்சுது ராசா, வந்த வேலை முடிஞ்சுது” என்று அவர் சொன்ன விடையை அவன் அப்படியே ஏற்றுக்கொண்டான். இறந்த மீன்களின் நாற்றமும் அவற்றைக் கொத்தும் கடற்பறவைகளும் பருவத்தின் இறுதி வாரங்களில் மிகுதியாக இருக்கும். இளகிய மனமுள்ள பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இந்தச் சினூக் மீன்கள் இவ்விடத்துக்கு ஆதியில் உரியவை அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒன்ராறியோ ஏரியில் முன்பு வாழ்ந்த அத்திலாந்திக் சால்மன், ஓடைகளை மறித்த மரவாலை அணைகளாலும் காடழிப்பாலும் மிகைப்பிடியாலும் 1800களின் இறுதிக்குள் முற்றாக அழிந்துபோனது. பசிபிக் கரையின் சினூக் மீன்கள் 1960களில்தான் பேரேரிகளில் விடப்பட்டன. அவை பின்னர் இங்குள்ள ஓடைகளையே பிறப்பிடமாக்கிக்கொண்டன. தாம் வளர்ந்த நீரின் மணத்தை நினைவில் வைத்து, ஏரியின் எந்த மூலையிலிருந்தும் அதே ஓடையின் வாயைத் தேடி வருகின்றன.

பார்க்கச் செல்வோர் நீருக்குள் இறங்கக்கூடாது. மிதித்தால் சரளைக்குள் இருக்கும் முட்டைகள் நசுங்கும். நீரின் பளபளப்பை நீக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தால் மீன்கள் இருமடங்கு தெளிவாகத் தெரியும். எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது, அது கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் தள்ளுவண்டியோடு வருவோருக்கும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலிருந்து அதே பள்ளத்தாக்குக்கு மெல்லிய சரிவாக இறங்கும் அரைக் கிலோமீற்றர் நீளப் பாதை மிக வசதியானது. நம்மவர்களின் பெருங்கொடையால் தமிழ் இருக்கை அமைந்த வளாகம் அது என்பதால், அங்கே இறங்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. மீன்கள் துள்ளுவதை நிச்சயமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டி, போர்ட் ஹோப் நகரில் கனராஸ்கா ஆற்றின் கோர்பெற் அணைக்குப் போகலாம். அங்கே மீன்கள் நிறையக் கூடும், பார்க்க வருகிறவர்களும் அப்படியே கூடுவார்கள். நான்கைந்து பேர் மட்டும் நிற்கும் ஓடைக்கரையின் அமைதியை அங்கே எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது அப்பிள் பண்ணை. நகருக்கு வடக்கே உள்ள பண்ணையொன்றைத் தெரிவுசெய்து, செப்ரெம்பர் இறுதி ஞாயிற்றுக்கிழமைக்கு இணையத்தில் முன்பதிவு செய்தோம். தலைக்கு நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் பறிக்கும் பைக்குத் தனிக் கட்டணம் என்று வாங்கினார்கள். ஐந்து வகை அப்பிள்கள் பறிக்கலாம் என்று அவர்களுடைய பக்கத்தில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது திறந்திருந்தது ஒரே வகை மட்டும், அதிலும் கைக்கெட்டும் உயரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. சோளக்காட்டுப் புதிர்ப்பாதைக்கும் உழவு இயந்திரச் சவாரிக்கும் வரிசையில் நின்ற நேரம், நடந்த நேரத்தைவிட அதிகம். பண்ணைகள் உழைத்துப் பிழைக்கும் இடங்கள், விளைச்சல் வானத்தைப் பார்த்தது என்பதெல்லாம் எனக்கு விளங்கும். ஆனாலும் அன்று காலையில் என்ன இருக்கிறது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அனுபவத்துக்குப் பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். புறப்படும் காலையில் தொலைபேசியில் அழைத்து எந்த வகை திறந்திருக்கிறது என்று கேட்ட பின்பே வாகனத்தில் ஏறுவோம். இரண்டாவது முறை, பாடசாலைக்கு விடுமுறையாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமையில், ஊஞ்சலோ சவாரியோ இல்லாத ஒரு சிறு தோட்டத்துக்குப் போனோம். குட்டையாக வளர்த்துக் கம்பியில் படரவிட்ட மரங்கள் என்பதால் மகனுக்கும் எட்டியது. பழத்தை இழுக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, சற்று மேலே தூக்கித் திருகினால் காம்போடு கழன்று வரும். இழுத்துப் பறித்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் சேர்ந்து முறிந்துவிடும் என்று தோட்டக்காரர் மகனுக்குச் செய்து காட்டினார். செப்ரெம்பர் நடுவில் பழுக்கும் மக்கின்ரோஷ் ஒன்ராறியோவிலேயே, 1811 அளவில் டண்டெலா என்ற ஊரின் குடியேற்றக்காரர் ஒருவர் தம் நிலத்தில் கண்டெடுத்த மரத்திலிருந்து பரவிய வகை. பறித்த அன்று கடித்தால் அதன் புளிப்பும் மணமும் கடைப்பழத்தில் கிடைக்காது, ஆனால் விரைவில் மாவாகிவிடும். ஒக்ரோபரில் வரும் நோதர்ன் ஸ்பை கடினமானது, நெடுநாள் தங்கும். அம்மா அதைத் துருவி, பச்சை மிளகாயும் தயிரும் சேர்த்துச் செய்த பச்சடியை இப்போது மகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

இனி றூஜ். 2015இல் கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாகச் சட்டப்படி நிறுவப்பட்ட இது, ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் வரை ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பில் காடும் ஆறும் சதுப்பும் பயிர்செய்யும் வயல்களுமாக விரிந்து கிடக்கிறது. ஆண்டு முழுவதும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர், அதன் வாசலிலிருந்து சில நிமிடங்களில் விஸ்ரா பாதை தொடங்குவதைக் கவனித்ததே இல்லை.

விஸ்ரா பாதையின் நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர்தான். சிறிது ஏற்றம் இருக்கிறது, ஆனால் தொடக்கத்திலிருந்து சிறிது தூரத்திலேயே லிற்றில் றூஜ் பள்ளத்தாக்கை நோக்கி மரத்தாலான பார்வை மேடை வந்துவிடுகிறது. அம்மா அங்கே வரை வந்து இருந்துகொண்டார், நாங்கள் மேலும் நடந்து திரும்பினோம். மூன்று முறை அதே மேடைக்குப் போனதுதான் இந்தப் பருவத்தில் நாங்கள் செய்த சிறந்த காரியம். ஒக்ரோபர் முதல் வாரத்தில் பள்ளத்தாக்கு பெரும்பாலும் பச்சையாகவே இருந்தது, அங்கங்கே ஒரு கிளை மட்டும் தீப்பிடித்ததுபோல் சிவந்திருந்தது. வடக்கே அல்கோங்குயின் பூங்காவின் மேப்பிள்கள் அதற்குள் உச்சத்தைத் தாண்டியிருக்கும். ஏரியின் வெப்பம் தணியாதிருப்பதால் ரொறன்ரோவில் நிறம் பிந்தியே ஏறுகிறது. ஐப்பசி பிறந்த வாரத்தில் போனபோது பள்ளத்தாக்கின் இரு கரைகளும் மஞ்சளும் செம்மஞ்சளும் குங்குமச் சிவப்புமாக நிறைந்து, இடையிடையே பைன் மரங்கள் கரும்பச்சையாக நின்றன. மூன்றாவது முறை, நவம்பர் முதல் வாரத்தில், கிளைகள் வெறுமையாகி, அதுவரை இலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த ஆறு முழுவதுமாகத் தெரிந்தது.

அந்த மேடையில் வைத்துத்தான் மகள், இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டாள். பகல் குறுகும்போது மரம் பச்சையத்தை உடைத்து அதிலுள்ள சத்தைக் கிளைகளுக்கு மீட்டெடுத்துக்கொள்கிறது. கோடை முழுவதும் பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமி அப்போது வெளித்தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாவது. வெயிலான பகலும் உறையாத குளிர் இரவும் தொடர்ந்து அமைந்தால், இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து சிவப்பு நிறமி மிகுதியாக உருவாகும். ஆகவே மழை மூட்டமான ஆண்டுகளில் சிவப்பு மங்கும். எங்கள் தெருவில் உள்ள மேப்பிள்கள் ஏன் இன்னும் பச்சையாக நிற்கின்றன என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட நோர்வே மேப்பிள்கள், மிகப் பிந்தி மஞ்சளாகும். வீட்டுக்கு வந்து தெருமரத்தின் பச்சை இலையொன்றைக் காம்போடு ஒடித்துக் காட்டினேன். காம்பின் முறிவில் பால் வெண்மையாகத் துளிர்த்தது. சர்க்கரை மேப்பிளில் அப்படிப் பால் வராது, தெளிந்த நீர்தான் வரும். அன்றிலிருந்து பாடசாலைக்குப் போகும் வழியில் எந்த மேப்பிளைக் கண்டாலும் காம்பை ஒடித்துப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. இந்த விளையாட்டைத் தெருவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காக்களுக்குரிய ஒழுங்கு றூஜுக்கும் உண்டு என்பதால், அங்கே இலை, கல், பூ எதையும் பறிக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது.

மாஸ்ற் பாதை இரண்டரைக் கிலோமீற்றர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கப்பற் பாய்மரங்களுக்காக வெள்ளைப் பைன்களை வெட்டி இழுத்துச் சென்ற வழி அது. தொடக்கத்தில் செங்குத்தான ஏற்றம் இருப்பதால் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பொருந்தாது, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது.

ஆறு ஏரியோடு கலக்கும் றூஜ் கடற்கரை வேறு விதமானது. கோ (GO) புகையிரத நிலையத்துக்கு அருகில் இருப்பதால் வாகனம் இல்லாதோரும் எளிதாகப் போகலாம். செப்ரெம்பரில் மெக்சிக்கோ நோக்கிப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஏரிக்கரையோரமாகச் செல்வதை ஒரு மாலையில் அங்கே பார்த்தோம். ஒக்ரோபருக்குப் பின் காற்று ஊசியாகக் குத்தும். அப்போது பிள்ளைகளை அங்கே அதிக நேரம் வைத்திருக்க இயலாது.

ஒரு விடயத்தில் யாரும் கவனக்குறைவாக இருந்துவிடக்கூடாது. றூஜ் பள்ளத்தாக்கில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் உண்டு, வளர்ந்த உண்ணிகள் இலையுதிர்காலத்திலும் சுறுசுறுப்பாகத் திரிகின்றன. குளிர் வந்துவிட்டது, பூச்சி இராது என்று நானும் நினைத்திருந்தேன். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, பாதையின் நடுவில் நடந்து, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களை விளக்கொளியில் பார்க்க வேண்டும். மகனின் காலுறை விளிம்பில் எள்ளளவு உண்ணி ஒன்றை அம்மாதான் கண்டுபிடித்தார், அது இன்னும் தோலில் ஏறியிருக்கவில்லை. கடித்திருந்தால் நுண்ணிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்ற வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அகற்றினால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரு இடங்களிலும் பாதையருகே கடைகள் இல்லை, ஆகவே கையோடு கொண்டுபோவதே நல்லது. புரட்டாதிச் சனிகளில் மரக்கறி றோல்ஸும் வாழைப்பழமும் பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் கொண்டுபோனோம். ஐப்பசியில் குளிர் கூடியபோது, துவாயில் சுற்றிய பாத்திரத்தில் சுடச்சுடப் புட்டும் சம்பலும் எடுத்துச் சென்று மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். வெளியில் குளிர்ந்த காற்றில் புட்டின் ஆவி எழும்பியதைப் பார்த்து, பக்கத்து மேசைக் குடும்பம் என்னவென்று கேட்டு, ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டது. மிச்சம் எதையும் பறவைகளுக்கோ அணில்களுக்கோ போட வேண்டாம்.

வார இறுதியில் நண்பகலுக்குள் றூஜின் சிறிய தரிப்பிடங்கள் நிரம்பிவிடும். காலை ஒன்பது மணிக்கு முன் சென்றால் இடமும் கிடைக்கும், பனிப்புகை பள்ளத்தாக்கிலிருந்து எழுவதையும் பார்க்கலாம். மழைக்கு மறுநாள் பாதைகள் சேறாகும், வழுக்காத சப்பாத்து அவசியம். ஒக்ரோபர் நடுவில் மாலை ஆறரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் பின்னோக்கித் திருப்பப்பட்ட பின் ஐந்து மணிக்கே இருட்டு. நாங்கள் கடைசியாகப் போனது அதற்கு முதல் நாள் சனிக்கிழமை. மற்ற மரங்கள் எல்லாம் உதிர்ந்த பிறகும் இளம் பீச் மரங்கள் மட்டும் காய்ந்த இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு, சாயும் வெயிலில் வெங்கல நிறமாக நின்றன. அவை வசந்தம் வரை அப்படியே நிற்கும் என்று சொன்னதும், மாசியில் பனி பெய்து கிடக்கும்போது வந்து உண்மையா என்று பார்க்க வேண்டும் என்று மகள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.